முன்கையில் குத்திய சாதிப் பெயரை லேசரில் நீக்க நினைக்கிறேன்: எழுத்து தெரியாமல் போகுமா?

கேள்வி: பம்ப்செட் ஃபிட்டர், கோவை

வணக்கம். எனக்கு 34 வயது. தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர் என் சொந்த ஊர். 12 ஆண்டுகளாகக் கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருக்கிறேன். என் வலது முன்கையின் உட்புறத்தில் 11 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பச்சை ஒன்று இருக்கிறது. அது என் சாதியின் பெயர். கறுப்பு மையில் தடித்த எழுத்துகள், அவற்றுக்கு அடியில் இரண்டு நிறங்களில் ஒரு பட்டை. அந்த நிறங்கள் எவை என்று எழுதினால் தென் மாவட்டத்தார் எவரும் எந்தச் சாதி என்று சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே குறிப்பிடவில்லை.

19 வயதில், ஊர்க் கோயில் கொடையின்போது குத்திக்கொண்டது. பந்தலுக்குப் பக்கத்தில் மிஷினோடு உட்கார்ந்திருந்தவரிடம் நாங்கள் ஐந்து பேர் வரிசையில் நின்று, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குத்திக்கொண்டோம். அன்று அந்த வலியே பெருமையாக இருந்தது. கோவைக்கு வந்த பிறகு முழுக்கைச் சட்டைக்கு மாறினேன். சித்திரை வெயிலிலும் கையை மடித்ததில்லை. இப்படி மறைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

சென்ற ஆண்டு ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்தான். பேச்சைக் கேட்டதுமே நானும் அவன் மாவட்டத்துக்காரன் என்று தெரிந்துகொண்டு, "அண்ணே, அண்ணே" என்று என்னோடுதான் இருப்பான். மதியச் சாப்பாட்டில் என் டிபன் பாக்ஸிலிருந்து குழம்பை உரிமையோடு எடுத்து ஊற்றிக்கொள்வான். ஒரு நாள் கிரீஸ் படிந்த கையைக் கழுவுவதற்காகச் சட்டையை முழங்கை வரை சுருட்டினேன். குழாயடியில் பக்கத்தில் நின்றவன் அதைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து என்னை "சார்" என்று கூப்பிட்டான், சாப்பாட்டு நேரத்தில் வேறு மேசைக்குப் போய்விட்டான். அவன் என்ன சாதி என்று நான் கேட்டதில்லை. அவனிடம் எதையாவது சொல்லி விளக்கவேண்டும் என்று பல நாள் நினைத்தும், கையில் அந்த எழுத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். பயிற்சி முடிந்து கிளம்பிய அன்றும் "வரேன் சார்" என்றுதான் சொன்னான்.

நீக்கிவிடுவது என்று அப்போதே மனத்தில் விழுந்துவிட்டது. மனைவிக்கு முழுச் சம்மதம். தாய்மாமாதான், "குத்தினதை அழிக்கிறது எங்களையே வேண்டாம்னு சொல்றதுக்குச் சமம்" என்று கோபித்துக்கொண்டு பேசுவதையே நிறுத்திவிட்டார். எனக்குள்ள பயம் வேறு. எங்கள் ஐவரில் ஒருவன் நான்கு ஆண்டுகளுக்கு முன் கல்யாணப் பேச்சு வந்தபோது யாரோ சொன்னதைக் கேட்டு ஆசிட் வைத்து எரித்தான். மை போய்விட்டது, ஆனால் எழுத்தின் வடிவிலேயே சதை தடித்து, முன்பைவிடத் தெளிவாக வாசிக்கும்படி நிற்கிறது.

என் தோல் நல்ல கறுப்பு. கறுத்த தோலில் லேசர் வைத்தால் வெந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? எத்தனை முறை போகவேண்டியிருக்கும், எவ்வளவு செலவாகும்? எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த பிறகு அந்த எழுத்தை யாரும் வாசிக்க முடியாத நிலை வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: தோல் மருத்துவர், மதுரை

உங்கள் கேள்வியில் நீங்கள் கடைசியாக வைத்ததுதான் முதலில் பேசவேண்டியது. மை மங்குவதும் எழுத்து வாசிக்க முடியாமல் போவதும் ஒன்றல்ல. அதைப் புரிந்துகொள்ள, லேசர் உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பச்சை குத்தும் ஊசி மையைத் தோலின் மேலடுக்கில் வைப்பதில்லை. அதற்குக் கீழே, டெர்மிஸ் என்னும் உள்ளடுக்கில் வைக்கிறது. அங்கே மேக்ரோபேஜ் என்னும் விழுங்கும் செல்கள் மைத்துகள்களை அந்நியப் பொருள் என்று எடுத்து விழுங்கிவிடுகின்றன. விழுங்கினாலும் செரிக்க முடியாது. துகள் அவ்வளவு பெரிது. பிரான்சின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளைக் கொண்டு காட்டியதன்படி, மையை வைத்திருக்கும் செல் இறந்தால் அது விட்ட மையைப் புதிய செல் வந்து எடுத்துக்கொள்கிறது. உங்கள் கையில் 15 ஆண்டுகளாக எழுத்து அழியாமல் இருப்பதற்கு இந்தக் கைமாற்றமே காரணம்.

லேசர் அந்தத் துகளை உடைக்கிறது, அவ்வளவுதான். உடைந்த பொடியை நிணநீர் வழியாக வெளியேற்றுவது உங்கள் உடலின் வேலை. ஒளியை மிகக் குறுகிய நேரம் மட்டும் பாய்ச்சினால், எந்தப் பொருள் அந்த ஒளியை உறிஞ்சுகிறதோ அது மட்டும் சூடாகி உடையும், சுற்றியுள்ள சதைக்குச் சூடு பரவாது என்ற கொள்கையை ஆண்டர்சன், பேரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1983-இல் வெளியிட்டார்கள். இன்று நம் ஊர்களில் பெரும்பாலும் கிடைக்கும் க்யூ-ஸ்விட்ச்டு என்டி-யாக் லேசர் அந்தக் கொள்கைப்படி நானோ நொடிக் கணக்கில், அதாவது ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம் மட்டும் ஒளியைத் தருகிறது. பெரிய நகரங்களில் சில இடங்களில் உள்ள பிகோ லேசர் அதனினும் குறுகிய நேரத்தில் வேலையை முடிக்கும். பிகோ இருந்தால் நல்லது. இல்லையென்று காத்திருக்க வேண்டியதில்லை.

கறுத்த தோல் பற்றிய பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. நம் தோலில் உள்ள மெலனினும் ஒளியை உறிஞ்சும் நிறமிதான். தவறான அலைநீளத்தையோ அளவுக்கு மீறிய ஆற்றலையோ பயன்படுத்தினால் மைக்குப் போகவேண்டிய சூட்டைத் தோலே வாங்கிக்கொண்டு கொப்பளிக்கும். ஆனால் 1064 நானோமீட்டர் அலைநீளத்தை மெலனின் குறைவாகவே உறிஞ்சுகிறது, அது ஆழமாகவும் இறங்குகிறது. கறுப்பு மை அதை நன்றாக உறிஞ்சும். ஆகவே கறுத்த தோலில் கறுப்பு எழுத்து என்பது, கவனமான கையில், நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளக்கூடிய சிகிச்சைதான்.

சிக்கல் அந்தப் பட்டையில் இருக்கிறது. நிறங்களை நீங்கள் சொல்லாமல் விட்டது சரியே. எல்லா நிறத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புக்கு 532 நானோமீட்டர் வேண்டும். அதே கருவியில் அது கிடைக்கும் என்றாலும் மெலனின் அதை அதிகம் உறிஞ்சும் என்பதால் நம் தோலில் நிறமாற்றம் வரும் வாய்ப்பு கூடுதல். பச்சை நிறமும் நீலமும் 755 அலெக்ஸாண்ட்ரைட், 694 ரூபி ஆகிய லேசர்களுக்கு இணங்குபவை. என்டி-யாக்குக்குப் பிடிவாதம் பிடிக்கும். மஞ்சள் எல்லாவற்றிலும் கடினம், ஓரளவு தங்கிவிடுவதும் உண்டு. வெள்ளை கலந்திருந்தால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்: அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்ஸைடு லேசர் பட்டதும் கறுத்துவிடக்கூடும். அதனால் முதல் நாளே முழுப் பட்டையிலும் லேசர் வைக்க விடாதீர்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பட்டாணி அளவு இடத்தில் வைத்துப் பார்த்து, சில வாரம் காத்திருந்து முடிவு செய்யச் சொல்லுங்கள்.

எத்தனை முறை என்று நேரில் பார்க்காமல் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தோலின் நிறம், பச்சை இருக்கும் இடம், மையின் நிறங்கள், மையின் அளவு, ஏற்கெனவே உள்ள தழும்பு, ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தியிருக்கிறதா என்ற ஆறையும் கூட்டிக் கணிக்கும் கிர்பி-தேசாய் அளவுகோல் 2009 முதல் வழக்கில் உள்ளது. நீங்கள் சொன்னதை வைத்து அந்தக் கணக்கில் பத்துக்கு மேல், பதினைந்தை ஒட்டி வரும் என்று நினைக்கிறேன். இத்தாலியில் 352 பேரைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியான ஆய்வில், 10 அமர்வுகளில் வெற்றி கண்டவர்கள் 47 விழுக்காடு, 15 அமர்வுகளில் 75 விழுக்காடு. புகைபிடிப்பவர்களுக்கும், 30 சதுர சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக்கும், 8 வாரமோ அதற்குக் குறைவாகவோ இடைவெளி விட்டவர்களுக்கும் பலன் குறைந்தது. உங்களுடையது 44 சதுர சென்டிமீட்டர். புகைப் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் போகாதீர்கள். சுருக்கமாகச் சொன்னால் இரண்டரை ஆண்டு வரை ஆகும் வேலை இது.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். மை முழுவதும் போன பிறகும் எழுத்து வாசிக்கக் கிடைப்பது இரண்டு வழிகளில் நடக்கலாம். கொடைக் கடையில் குத்தியவர் கை அழுத்தமாக இருந்து ஊசி அன்றே தழும்பு ஏற்படுத்தியிருந்தால், மை மறைத்துக்கொண்டிருந்த அந்தத் தடிப்பு மை போன பிறகு வெளியே தெரியும். இன்றே கண்ணை மூடி விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, லேசர் பட்ட இடத்தில் மெலனின் குறைந்து எழுத்தின் வடிவிலேயே தோல் வெளிறிப்போவது. கறுத்துப்போனால் சில மாதங்களில் பெரும்பாலும் தானே தெளியும். வெளிறிப்போனால் திரும்புவதற்கு நீண்ட காலம் ஆகும், சிலருக்குத் திரும்புவதே இல்லை. இதைத் தவிர்க்க வழி அவசரப்படாமல் இருப்பதுதான்: குறைந்த ஆற்றலில் தொடங்குவது, நீண்ட இடைவெளி விடுவது, வெளிறும் அறிகுறி தெரிந்தால் நிறுத்தி வைப்பது. கடைசியில் நிழல் நின்றால் தோலில் புள்ளி புள்ளியாக ஒளி வைக்கும் ஃப்ராக்ஷனல் லேசரால் சுற்றுத் தோலோடு ஓரளவு கலக்கச் செய்யலாம். "முன்பு எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிடும்" என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள். அருகில் நின்று உற்றுப் பார்த்தால் ஏதோ இருந்த இடம் என்று தெரியும், ஆனால் என்னவென்று வாசிக்க முடியாது என்ற நிலை எட்டக்கூடியதே.

இன்னும் மூன்று விஷயங்கள். திருவிழாக் கடையில் ஐந்து பேருக்கும் ஒரே ஊசி பயன்பட்டிருக்கலாம். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்று இரத்தப் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள், நண்பர்களையும் செய்துகொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது காது குத்திய இடத்திலோ காயம் பட்ட இடத்திலோ கட்டியாக வளரும் கெலாய்டு இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். லேசர் அறையில் உங்கள் கண்ணுக்கு உரிய காப்புக் கண்ணாடி தராமல் கருவியைத் தொடவே விடாதீர்கள். இந்த ஒளி விழித்திரையில் பட்டால் போன பார்வை வராது.

மறுமொழி: திருச்சி வாசகி

டாக்டர் சொன்னதற்கு நான் சாட்சி என்பதால் எழுதுகிறேன். என் மணிக்கட்டில் ஒரு பெயர் இருந்தது. யாருடையது என்பது இங்கே தேவையில்லை. 21 வயதில் குத்திக்கொண்டேன், 26 வயதில் அந்தப் பெயரை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது என்ற நிலை வந்தது.

நான் செய்த முதல் தவறு, முடி நீக்கும் கருவியை வைத்துக்கொண்டு "இதிலேயே டாட்டூவும் போகும்" என்று சொன்ன ஓர் அழகு நிலையத்துக்குப் போனது. அது லேசரே அல்ல, ஐ.பி.எல். எனப்படும் பளிச்சிடும் விளக்கு என்பதும், அது மையை உடைப்பதற்குப் பதிலாகச் சுற்றியுள்ள தோலைச் சுடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஒரே அமர்வில் வெந்து, ஆறு வாரம் கட்டுப் போட்டு, இன்றும் பெயரின் இரண்டாம் எழுத்துக்கு மேல் ஒரு சுருங்கிய தழும்பு இருக்கிறது. நண்பரே, போகும் இடத்தில் கருவியின் பெயரையும் அலைநீளத்தையும் கேளுங்கள். லேசரை வைப்பவர் தோல் மருத்துவரா, ஊழியரா என்றும் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் இடம் உங்களுக்கான இடம் அல்ல.

பிறகு ஒரு தோல் மருத்துவரிடம் ஒன்பது அமர்வுகள், இருபத்திரண்டு மாதங்கள். மரத்துப்போகும் களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். அப்படியும் வலிக்கும்: கடுகு தாளிக்கும்போது எண்ணெய் தெறித்துக் கையில் படுமே, அதுவே விடாமல் ஒரே இடத்தில் நூறு முறை தெறிப்பதுபோல. முடி கருகும் வாசம் வரும். லேசர் பட்டவுடன் எழுத்து வெண்மையாகிவிடும். முதல் முறை அதைப் பார்த்து மை போய்விட்டது என்று கண் கலங்கினேன். அது தோலுக்குள் உண்டாகும் வாயுக் குமிழிகளாம். இருபது நிமிடத்தில் அடங்கி, எழுத்து பழையபடி கறுப்பாகத் திரும்பி வந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், அன்று மனம் தளராதீர்கள். மறுநாள் கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காமல் வாசலின் தடவிக் கட்டிவையுங்கள், அரித்தாலும் சொறியாதீர்கள்.

முதல் மூன்று அமர்வுகளில் எந்த மாற்றமும் இல்லாததுபோல் இருந்தது. நான்காவதற்குப் பிறகு நடுவில் நரைத்தது; ஏழாவதில் தெரியாதவர்கள் "என்ன, அடிபட்டதா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டு நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்று சொன்னால் உங்களுக்குத்தான் புரியும். ஒவ்வொரு முறையும் அமர்வுக்கு முன்னால் ஒரே விளக்கின் கீழ் படம் எடுத்து வையுங்கள். தினம் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. படம்தான் தைரியம் தரும்.

செலவு: என்னுடையது சிறியது, அமர்வுக்கு 3,500 ரூபாய் கொடுத்தேன். உங்களுடையது பெரியது என்பதால் கூடும். அழகுக்கான சிகிச்சை என்று எடுத்துக்கொள்வதால் மருத்துவக் காப்பீட்டில் வராது. மொத்தமாகப் பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள், ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். நடுவில் நிறுத்தவேண்டி வந்தால் பணத்துக்காகத் தொடரும் கட்டாயம் இருக்கக்கூடாது.

மறுமொழி: பச்சைக் கலைஞர், சென்னை

என் தொழிலே குத்துவதுதான் என்றாலும் உண்மையைச் சொல்கிறேன். இதுபோன்ற எழுத்தை மறைத்து மேலே வேறு படம் வரைய முடியுமா என்று மாதம் ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். முடியும், ஆனால் மறைக்கும் படம் பழையதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெரிதாகவும் அதைவிடக் கறுப்பாகவும் இருக்கவேண்டும். நாளை அதுவும் வேண்டாம் என்று தோன்றினால் மைக்கு மேல் மை இருப்பதால் லேசருக்கும் கடினம். முன்கை முழுவதும் ஒரு படம் இருக்கவேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்மையில் இல்லையென்றால் இந்த வழிக்கு வராதீர்கள். மூன்று நான்கு அமர்வு லேசர் எடுத்து எழுத்து நரைத்த பிறகு, அப்போதும் மறைக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், அன்று சின்னப் படமே போதும்.

மறுமொழி: விருதுநகர் இளைஞன்

நான் வேறு காரணத்துக்காக நீக்கினேன். மத்திய ஆயுதக் காவல் படைத் தேர்வில் பச்சை இருக்கும் இடத்துக்கு விதி உண்டு: சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோதான் இருக்கலாம், அதுவும் அந்தப் பகுதியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக. என்னுடையது வலது முன்கையில் இருந்தது. எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகு ஓடினேன். உடற்தகுதித் தேர்வுக்குள் இரண்டு அமர்வுக்குத்தான் நேரம் கிடைத்தது. பணம் கொடுத்து வாரத்துக்கு ஒரு முறை வைக்கச் சொல்லிக் கெஞ்சியபோது அந்த மருத்துவர் மறுத்துவிட்டார். அன்று அவர் மேல் கோபம் வந்தது. இன்று என் கையில் தழும்பு இல்லாததற்கு அவரே காரணம். அந்தத் தேர்வு போனது, பச்சை முழுவதும் போன பிறகு அடுத்ததை எழுதினேன். எந்தத் தேதியையும் குறித்து வைத்துக்கொண்டு இதைத் தொடங்காதீர்கள் அண்ணா.

மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை

தம்பி, மருத்துவம் பற்றி இங்கே வேண்டிய அளவு சொல்லிவிட்டார்கள். உங்கள் மாமா சொன்னதைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

31 ஆண்டுகள் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் இருந்தேன். பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிவரும் கயிற்றின் நிறத்தை வைத்தே யார் யாரோடு உட்காருவார்கள், யார் யாரை அடிப்பார்கள் என்று ஆசிரியர்கள் அறிந்துகொள்ளும் நிலை எங்களுக்கு இருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் தடுக்க வந்த அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், நிறக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி என்று சாதியைக் காட்டும் எதையும் பள்ளியில் அனுமதிக்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. என் காலத்தில் நான் கத்தரிக்கோலை மேசையில் வைத்துக்கொண்டு பல கயிறுகளை வெட்டியிருக்கிறேன். பச்சை குத்திய கைகளோடு வந்த பிள்ளைகளிடம் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் "சட்டைக் கையை இறக்கிவிடு" என்று சொல்லி அனுப்பினேன். நீங்கள் அப்படி ஒரு பள்ளியில் படித்திருப்பீர்கள். அன்று யாராவது உங்களிடம் உட்கார்ந்து பேசியிருக்கவேண்டும். பேசாத ஆசிரியர்களில் நானும் ஒருவன் என்பது எனக்கு இன்றும் வருத்தமே.

மாமாவிடம் வாதம் செய்யாதீர்கள். அந்தப் பையன் வேறு மேசைக்குப் போனதை எங்களுக்குச் சொன்னதுபோலவே அவருக்கும் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவேண்டாம். உங்கள் அம்மாவின் கையில் அந்தக் காலத்துப் பச்சைக் கோலம் இருந்தால் அதையும் அவரிடம் காட்டுங்கள். நம் பெண்கள் கோலமும் தேளும் பெயரும் குத்திக்கொண்டார்கள். அதைப் பார்த்து ஒருவரும் எழுந்து போனதில்லை. அந்த அம்மாவின் உறவை நீங்கள் அழிக்கவில்லை என்று மாமா தானே புரிந்துகொள்வார். புரிந்துகொள்ள நாளாகலாம், உங்கள் சிகிச்சையும் இரண்டரை ஆண்டு என்கிறார்களே.

பதில்: பம்ப்செட் ஃபிட்டர், கோவை

அனைவருக்கும் நன்றி. டாக்டர் சொன்னபடி கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். முதல் எழுத்து மட்டும் விரலுக்குத் தெரிகிறது, மற்றவை தெரியவில்லை. முதல் எழுத்து நின்றாலும் பரவாயில்லை, அதைக் கொண்டு யாரும் எதையும் வாசித்துவிட முடியாது. இரத்தப் பரிசோதனை மூன்றும் எடுத்தேன், மூன்றிலும் ஒன்றுமில்லை. ஊரில் மூவர் எடுக்க ஒப்புக்கொண்டார்கள், ஆசிட் வைத்த நண்பனும் அவர்களில் ஒருவன். அவன் தழும்புக்கும் ஏதாவது வழி உண்டா என்று கேட்கச் சொன்னான்.

கோவையில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டேன். என்டி-யாக், 1064 என்று நான் கேட்பதற்கு முன்பே அவரே சொன்னார், கறுப்பு எழுத்தில் ஓர் ஓரத்திலும் பட்டையின் இரு நிறத்திலும் மூன்று சோதனைப் புள்ளிகள் வைத்து ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். கண்ணாடி கொடுத்தார்கள். பீடி, சிகரெட் எனக்குப் பழக்கமில்லை. அமர்வுக்கு 5,000 ரூபாய், ஒவ்வொன்றாகக் கட்டினால் போதும் என்றார்கள். அதற்காக மாதம் 2,500 தனியாக எடுத்துவைக்க மனைவியும் நானும் பேசி முடித்திருக்கிறோம்.

மாமாவிடம் சென்ற ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன், ஐயா சொன்னபடி அந்தப் பையனைப் பற்றி மட்டும். அவர் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றார்.

டாக்டரிடம் இன்னும் ஒரு சந்தேகம்: ஆலையில் உலைக்குப் பக்கத்தில் வேலை உண்டு. அமர்வு முடிந்து எத்தனை நாள் விடுப்பு எடுக்கவேண்டும், முழுக்கைச் சட்டை போடலாமா?

மறுமொழி: தோல் மருத்துவர், மதுரை

விரலுக்கு ஒரே எழுத்துதான் தட்டுப்படுகிறது என்பது நல்ல செய்தி. முடிந்தால் ஒரு வாரம் உலைப் பக்கம் போகாத வேலையாகக் கேட்டு வாங்குங்கள். கொப்புளம் வந்தால் அது காய்ந்து பொருக்கு உதிரும் வரை சூடும் கிரீஸும் படக்கூடாது. முழுக்கைச் சட்டை தாராளமாகப் போடலாம், போடத்தான் வேண்டும்: சிகிச்சைக் காலம் முழுவதும் அந்த இடத்தில் வெயில் படாமல் காப்பது சிகிச்சையில் பாதி. இறுக்கமில்லாத பருத்திச் சட்டையாக இருக்கட்டும், கட்டு இல்லாத நாட்களில் சன்ஸ்கிரீனும் தடவுங்கள்.

உங்கள் நண்பரின் தடித்த தழும்புக்கு மேலே லேசர் வைக்கவேண்டாம். அதற்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுத் தட்டையாக்கலாம், சிலிகான் தாளும் உதவும். நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகச் சில மாதங்கள் ஆகும். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலேயே கேட்கலாம். ஊசிக்கு முன்னால் சர்க்கரை நோய் உண்டா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.